ஓய்வுக்குப் பின் எடுக்கவேண்டிய ரத்தம்

ஈரத் துண்டைக் கொடியில் விரித்துப் போடுவது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. என் மச்சினனுக்கு அது வராது. சுருட்டி நாற்காலியில் எறிவான். மறுநாள் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். என் மனைவிக்கு அது தெரியாது. தம்பி நெடுந்தூர ஓட்டக்காரன் என்ற பெருமையில் அவளுக்கு மூக்கே அடைத்துப் போயிருந்தது.

மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்தான். சாப்பாட்டு மேசையில் காலைத் தூக்கி வைத்துக் கொப்புளத் தோலை உரிப்பான். உரித்ததைத் தட்டின் ஓரத்தில் வைப்பான். கைகழுவும் தொட்டியில் காறித் துப்பிவிட்டுக் குழாயைத் திறக்காமல் போவான். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வளர்ற பையன், விடுங்களேன்" என்பாள் மனைவி. அவனுக்கு இருபத்தாறு வயது.

அவன் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, சார். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

விளையாட்டு விடுதியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். நெஞ்சு வலிக்கும் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நெடுந்தூரம் ஓடி வந்தவனுக்கு, இதயம் நன்றாக இருந்தாலும், அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். இரண்டு நாளில் தானாக இறங்கும். அதனால் இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகே ரத்தம் எடுக்கவேண்டும் என்பது விதி.

போன மாதம் மச்சினன் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்தே கிடந்தான். எழுந்ததும் என் கூடத்துக்கு வந்தான். இரண்டு நாளில் போட்டி.

"மாடி ஏறினாலே மூச்சு வாங்குது அத்தான். ஓடலாமான்னு பாத்துச் சொல்லுங்க."

எடுத்துப் பார்த்தேன். இருக்கவேண்டியதைப் போல் ஒன்பது மடங்கு. ஓடாமல் படுத்திருந்தவனுக்கு இப்படி என்றால், காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது என்றுதான் நினைக்கவேண்டும். மூன்று மாதமாவது ஓடக்கூடாது. அந்த மூன்று மாதமும் பகல் முழுக்க என் வீட்டில் கிடப்பான். அதை நினைத்ததும் வாயில் புளித்தண்ணீர் ஊறியது. அளவு அச்சாகி வந்த தாளைக் கிழித்தேன்.

"எடுத்த ரத்தம் குழாய்லயே உறைஞ்சுபோச்சு மாப்ளே. நாளைக்குப் பயிற்சியை முடிச்சிட்டு நேரா இங்க வா."

"ஓடலாமா அத்தான்?"

"தாராளமா ஓடு."

மறுநாள் உதடு வெளுத்து வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட என் நாற்காலியில் உட்கார்ந்தான். அளவு இன்னும் ஏறியிருந்தது. 'ஓட்டம் முடிந்த உடனே எடுத்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். விடுதி மருத்துவர் அந்த வரியைப் பார்த்தார். மறுபடி எடுக்க நாள் இல்லை. "ஓடினா எல்லாருக்கும் ஏறும்" என்று ஓட அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார்.

போட்டியில் இருபத்தாறாவது கிலோமீட்டரில் விழுந்தான். எழவில்லை. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன்.

முதல் அளவு கருவியின் நினைவில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். ஓடினால் செத்துவிடலாம் என்று தெரிந்தேதான் அவனை ஓடச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவியிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவள் தம்பியிடம் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இரண்டு தடவையும் வலிக்காமல்தான் ஊசி குத்தினேன்.