அத்தானுக்காக ஓடிய பதினோரு நிமிடம்

புது பூட்ஸை வாங்கிய கையோடு மலைக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. பத்து நாளாவது வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்க வேண்டும். இது அத்தானுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர். பனியனும் பூட்ஸுமாகச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார். "மலை என்ன, என் அடுப்பு வழியாவா போகுது?" என்பாள் அக்கா.

கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். நாற்பத்தாறு வயசுக்கு மேல் தொழிற்சங்கத்து வகுப்பில் உட்கார்ந்து படித்த எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அத்தான் டயர் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சாகும்போது எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பதினாலு. அவள் கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான் போனாள். அன்றைக்குக் குடியேறியதுதான் அந்த வீட்டுப் பின்னறை. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அப்படியே இருந்துவிட்டேன். அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்மேல் கோபம் இருந்ததா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டதால் இதை எழுதுகிறேன். இல்லை.

ஓய்வு பெற்ற மாதமே மலை ஆசை வந்துவிட்டது. "முப்பத்தெட்டு வருஷம் டயர் எண்ணினேன் மச்சான். ஒரு டயராவது என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போச்சா?" என்றார். பன்னிரண்டு பேர் கொண்ட குழு, இரண்டு கைடு, ஆறு நாள் ஏற்றம். பணம் கட்டிப் பேர் கொடுத்துவிட்டு வந்து, மலையின் படத்தை பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இரண்டு மாதம் எட்டு கிலோ பையோடு நடந்து பழக வேண்டும், இதயப் பரிசோதனை சர்டிபிகேட் தர வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அதே வாரம்தான் வீட்டைப் பற்றிய பேச்சும் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பாரம் என்றால் எனக்குத் தெரியும். அதனால் பழக்குகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கடைத்தெருவில் கார் நிறுத்துகிற ஏழு மாடிக் கட்டடம் இருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் அதன் படிக்கட்டில் ஏறுவோம். பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குவேன். உச்சிக்குப் போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்க வேண்டும், அப்போதுதான் முட்டி தேயாது. முதல் வாரம் மூன்று பாட்டில். பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டினேன்.

நாலாவது வாரம், ஐந்தாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது. நெற்றி வேர்வையைத் தொட்டேன், ஐஸாக இருந்தது. "தாடை வலிக்குது மச்சான். இந்தக் கை வேற யாரோடதோ மாதிரி கனக்குது" என்றார்.

கிடங்கில் இப்படி உட்கார்ந்த இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் என் மூட்டைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. ஆகவே அது என்னவென்று எனக்குத் தெரியும்.

"வாயு, அத்தான்" என்றேன்.

கீழே போய் சோடா வாங்கி வந்தேன். குடித்தார், ஏப்பம் வந்தது. "பாத்தீங்களா?" என்றேன். அவருக்கும் அப்படித்தான் பட்டது. அரை மணி நேரத்தில் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. அக்காவிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றேன். அது பொய் இல்லை. நிச்சயம் தடுத்திருப்பாள்.

அதற்குப் பிறகு பரிசோதனை என்றாலே அவருக்குப் பயம். ஓடுகிற பட்டையில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். "நடுவுல வாயு பிடிச்சுகிட்டா, பெயில் போட்டு அனுப்பிடுவாங்க மச்சான்" என்றார். கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு, "உன் இதயத்தை ஒரு காலைக்குக் கடன் குடேன்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன். அவருடைய கையெழுத்தை சிமெண்ட் மூட்டைத் தாளில் இரண்டு நாள் போட்டுப் பழகினேன்.

கிளினிக்கில் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பேரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிய நர்ஸ் தோளைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்றாள்.

"ஸ்டோர் கிளார்க்."

"கிளார்க்குக்கு இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு. பைலைத் தோள்லயா சுமந்தீங்க?"

"பெரிய பைல்ம்மா" என்றேன். சிரித்தாள்.

பதினோரு நிமிடம் ஓடினேன். டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே, "அறுபது வயசுக்கு நம்பவே முடியல. இது முப்பது வயசுக்காரனோட இதயம்" என்றார். என் உடம்பைப் பற்றி அப்படி நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

டாக்டர் சொன்னதை அத்தானிடம் அப்படியே சொன்னேன். முதலில் என் முதுகில் தட்டிச் சிரித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், "முப்பது வயசு இதயமாம், டாக்டரே சொல்லிட்டார்" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னபோது கண்ணடிக்கவில்லை. வெளியூரில் இருக்கிற தன் மகளிடம் போனில் சொன்னபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார். ஓடியது யார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அதற்கப்புறமும் இரண்டு தடவை படியில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவையும் அவரே "வாயு" என்றார். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாரையும் ஒரு ஹாலில் கூட்டிப் பேசினார்கள். பை தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கைடு ஒரு பெண், ஒல்லியாக இருந்தாள், குரல் மட்டும் பெரியது. "நெஞ்சு வலி, தாடை வலி, மூச்சு முட்டறது, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டோம். மூணாவது முகாம் தாண்டிட்டா, ஒரு ஆளைத் தூக்கிட்டு இறங்கவே ஒன்றரை நாள் ஆகும்" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். அவருடைய கை மடியிலிருந்து ஒரு சாண் எழுந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்து, மெதுவாக இறக்கினேன்.

"சார் ஏதோ கேக்கறாரு" என்றான் பின்னால் இருந்த ஒருவன்.

"ஒண்ணுமில்ல, பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கலாம்னு பாத்தேன்" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இப்போது வீட்டு விஷயம். மலையிலிருந்து வந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் இருக்கிற ஊருக்கே நிரந்தரமாகப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அக்கா பாத்திரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கென்று ஒரு சட்டி, இரண்டு தட்டு தனியாக எடுத்து வைத்தாள். "கிடங்கு பக்கமா ஒரு ரூம் பாத்துக்கோடா. அலைச்சல் மிச்சம்" என்றாள். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் அத்தானுடையது. அவளுக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? நாற்பத்து மூன்று வருஷம் நான் அவள் கையால் சாப்பிட்டவன். அவள் மனசு எனக்குத் தெரியாதா? அத்தான் இல்லையென்றால் அவள் எதற்கு வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்று யோசித்தேன். கோபத்தில் யோசிக்கவில்லை. மூட்டையை எந்த வரிசையில் அடுக்கினால் சரியாது என்று யோசிப்பதுபோலத்தான் யோசித்தேன்.

கிளம்பும் அன்று காலை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீதானே கூடவே ஏறினே. உண்மையைச் சொல்லு. அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா."

நான் சொன்னதால்தான் விட்டாள். பையை நானே அவர் முதுகில் ஏற்றி, வாரை இழுத்து, பாரம் இடுப்பில் உட்காரும்படி சரி செய்தேன். சரியாகக் கட்டிய பை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாலாம் நாள், மூன்றாவது முகாமுக்கு மேலே, பகல் பதினொன்றரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து வாயு மாத்திரை கேட்டாராம். கைடு அவரை நாலு பேர் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஒரு மணி நேரம்தான் தாங்கினார். அந்த நேரத்தில் நான் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீங்கள் அந்த கைடு பெண்ணைத்தான் முதலில் பிடித்தீர்கள். அவள் சர்டிபிகேட்டைக் காட்டி அழுதிருக்கிறாள். பிறகு அறுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் வாரக் கணக்கில் பழைய தழும்பு இருக்கிறது, சர்டிபிகேட்டோடு இருக்கிற இதய வரைபடம் இந்த ஆளுடையதே இல்லை என்றார். என்னிடம் வந்தீர்கள். கேட்டதும் சொல்லிவிட்டேன். அவள்மேல் தப்பு இல்லை. அத்தான் மலையில் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அவரைக் கொன்றது நான்.

அக்கா மகளோடு போய்விட்டாள் என்றீர்கள். துக்கத்தில் போயிருப்பாள், திரும்பிவிடுவாள். அவள் கொடுத்த வாக்குமூலத்தை என்னிடம் காட்டினீர்கள். நானே எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். "எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்த ஆள்" என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. தம்பி என்று ஒரு இடத்திலும் இல்லை. அவசரத்தில் எழுதிக்கொண்டவர் விட்டிருப்பார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு, அதை மட்டும் சேர்த்துவிடுங்கள், ஐயா.