புகைபோக்கிக்கு ஒரு ஓட்டை

— ரம்பத்தைக் கீழ வை மச்சான். கூரைல ஒரு தடவை ஓட்டை போட்டா அப்புறம் மூட முடியாது.

— மூடறதுக்கா போடறேன்? விறகு அடுப்போட புகைபோக்கி வெளிய போறதுக்குப் போடறேன். தள்ளு மாப்ள, கோடு மறையுது.

— கோடு வேற போட்டாச்சா? நான் வண்டில இருந்து கேஸ் ஹீட்டரை இறக்கிட்டு வர்றதுக்குள்ளயா?

— எங்க இறக்கின? அதைக் கையில தூக்கிட்டு, ஏரி ஐஸ் மேல நிக்கற இந்த மீன் கொட்டாயை மூணு தடவை சுத்தி வந்த. உக்காரு. நீ நடக்கற நடைக்கு ஏரில இருக்கற மீனெல்லாம் பக்கத்து ஏரிக்குப் போயிரும்.

— ஒரு அடி கனத்துக்கு உறைஞ்சு கெடக்கு, அதுக்குக் கீழ என் நடை கேக்குதாம். சட்டுனு முடிவு பண்ணு. இன்னும் ஒரு மணி நேரத்துல பொழுது சாஞ்சிரும், மீன் கடிக்கிறதே அப்பதான்.

— முடிவு பண்ணித்தான் கையில ரம்பம் வச்சிருக்கேன். விறகு.

— எட்டு வருஷமா இங்க கேஸ்தான எரிஞ்சுது? பழசு துருப்புடிச்சிருச்சு, அதுக்குப் பதிலா புதுசு. திருகினா எரியும், மூடினா அணையும். இதுல என்ன வம்பு உனக்கு?

— கேஸ் எரிஞ்சா உள்ள ஒரே ஈரம். கூரைல கோத்து நின்னு சொட்டு சொட்டா கழுத்துல விழுது. போன வருஷம் காலைல எந்திரிச்சா என் தாடி கம்பளியோட ஒட்டி உறைஞ்சு கெடக்கு.

— அது கேஸோட ஈரம் இல்ல. நீ வாயைத் தொறந்துட்டுத் தூங்கற ஈரம்.

— அது இருக்கட்டும். மைனஸ் முப்பதுல உன் ரெகுலேட்டர் உறைஞ்சு நின்னப்ப, ரெண்டு பேரும் சிலிண்டரைக் கட்டிப் புடிச்சு அடைகாத்தோமே, அதுக்கும் என் வாய்தான் காரணமா?

— அதுக்குத்தான் ரெகுலேட்டரும் புதுசு வாங்கிட்டேன். விறகுன்னா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு மணிக்கொரு தரம் எந்திரிச்சுக் கட்டை போடணும். நீ படுத்தா நீயே ஒரு கட்டை. அடுப்பு எடத்தை அடைச்சுக்கும், ஒரு படுக்கை போயிரும்.

— நான் எந்திரிச்சுப் போடறேன்.

— நீயா? உங்க வீட்டுல யாராச்சும் ராத்திரி எந்திரிச்சதா சரித்திரம் உண்டா? மார்லிஸ்கூட நான் கதவைத் தட்டினா அக்கம்பக்கமெல்லாம் எந்திரிச்சப்புறம்தான் கடைசியா எந்திரிப்பா.

— என் தங்கச்சியை இழுக்காத. விஷயத்துக்கு வா.

— விஷயம் இதுதான். நான் கேஸ் லாரி ஓட்டறவன். இருபத்திரெண்டு வருஷமா, வடக்கு மினசோட்டால இந்தப் பக்கம் பாதி வீட்டுக்கு நான்தான் டேங்க் நிரப்பறேன். என் கொட்டாய்ல விறகுப் புகை கெளம்பினா ஏரில இருக்கறவனெல்லாம் சிரிப்பான்.

— சிரிக்கட்டும். சிரிச்சா அவனுங்களுக்கும் கொஞ்சம் சூடு ஏறும்.

— சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். மண்ணெண்ணெய் ஹீட்டர் வச்சுக்கலாம்.

— அந்த நாத்தம் கோட்டுல ஏறினா ஒரு வாரம் போகாதே. உனக்குப் பரவால்லையா?

— அதெல்லாம் பழகிரும்.

— உனக்குப் பழகிரும்.

— நான் சொன்னதையே திருப்பிச் சொல்லாத. அந்த பிளாஸ்க்கைத் தொற, ஒரு வாய் காபி உள்ள போனாத்தான் உன்னோட மல்லுக்கட்ட முடியும்.

— பொறு, மூடி இறுகிக் கெடக்கு. ம், வந்துருச்சு.

— அடடா, என்ன வாசனை. கொட்டாயே மணக்குது.

— மணக்குதா?

— பின்ன? ஊத்து.

— கொதிக்குது, கொஞ்சம் ஆறட்டும். நீ மேல சொல்லு.

— என்னத்தச் சொல்ல? கேஸ்னா பயமா இருக்குன்னு நேராச் சொல்லிரு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா ஆளைத் தூக்கத்துலயே கொல்ற அந்த விஷக் காத்து இருக்கே, அது விறகு எரிஞ்சாலும் வரும். அதுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. எவன் மூக்குக்கும் எட்டாது. அதுக்குத்தான் அலாரம் பெட்டி.

— அலாரம் எது எரிஞ்சாலும் மாட்டத்தான் போறேன். நான் அதைச் சொல்லல. எரியாம சும்மா கசியற கேஸைச் சொல்றேன். அதுக்கு வாசனை உண்டுல்ல?

— அழுகின முட்டை நாத்தம். கசிஞ்சா தெரியணும்னு வேணும்னே கலக்கறாங்க. செத்த பொணமே மூக்கைப் பொத்தும்.

— குளிருல ரப்பர் குழாய் வெடிச்சு, ராத்திரி கசியுதுன்னு வை. நான்தான் கட்டைன்னு நீயே சொல்லிட்ட. யாரு மோந்து பாத்து என்னை எழுப்பறது?

— நான்தான்.

— நீ.

— நான்தான் மச்சான். இதுதான என் பொழப்பே. ஏன் அப்படிப் பாக்கற?

— மாப்ள, போன மாசம் சர்ச்சுல லூட்டஃபிஸ்க் விருந்து நடந்துச்சுல்ல.

— அந்தக் கொழகொழ மீனுக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்?

— உனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இருபத்தஞ்சு வருஷமும் அந்த மீன் நாத்தம் தாங்காம வாசக்கதவை ஒட்டித்தான் உக்காருவ, பாதில எந்திரிச்சு ஓடிருவ. இந்த வருஷம் சமையல்கட்டு வாசல்ல உக்காந்து ரெண்டாவது தட்டு வாங்கின. பாதிரியாருக்கே கண்ணு கலங்கிருச்சு.

— வெண்ணெய் தாராளமா ஊத்தினாங்க. வயசானா நாக்கும் மாறும்.

— இந்த பிளாஸ்க்ல இருக்கறது வெறும் வெந்நீர்.

— விளையாடாத.

— இந்தா, பாரு. காபிப் பொடி ஒரு சிட்டிகை கெடயாது. கொட்டாயே மணக்குதுன்ன.

— பழைய வாசனை ஒட்டிட்டு இருந்திருக்கும்.

— பிளாஸ்க் புதுசு. எப்பலருந்து மாப்ள?

— முதல்ல அந்த ரம்பத்தைக் கீழ வை. அதைக் கையில வச்சுட்டுக் கேக்காத.

— வச்சுட்டேன். சொல்லு.

— மார்ச் மாசம். கடைசி நாள் மீன் புடிச்சுட்டுத் திரும்பறப்ப, படகுத்துறைகிட்ட வழுக்கி விழுந்தேன்ல.

— உன் பின்மண்டை ஐஸ்ல மோதின சத்தம் வண்டி வரைக்கும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். மீன் கெட்டுப் போயிரும், ஓட்டுன்னு சிரிச்ச. நானும் உன்கூடச் சேந்து சிரிச்சேன். அன்னிக்கே உன்னை இழுத்துட்டுப் போயிருக்கணும்.

— ரெண்டு நாள் தலைவலி. மூணாம் நாள் காபி குடிச்சா சூடு மட்டும்தான் இருக்கு. ஜலதோஷம்னு விட்டேன். ஏப்ரல் போச்சு, மே போச்சு, ஒண்ணும் திரும்பல. டாக்டர்கிட்ட போனா எழுதுவான், எழுதினா ஆபீசுக்குத் தெரியும். மூக்கு செத்தவனுக்கு எவன் கேஸ் லாரி குடுப்பான்?

— அதான் ஹீட்டருக்கு இந்த அடம்.

— கேஸ்காரன் விறகுக்கு மாறினா ஏன்னு கேப்பாங்க. பத்துப் பேர் கேட்டா ஒருத்தனுக்காவது பொறி தட்டும்.

— தட்டிருச்சு. உக்காரேன் மாப்ள, நீ நடக்கறதைப் பாத்துக் கண்ணு சுத்துது எனக்கு.

— உக்காந்தா நெனப்பு வருது. வீட்டுக்குள்ள காலை வச்ச உடனே ‘ஆஹா, என்ன வாசனை’ன்னு சொல்லிர்றேன். அதுக்கு முன்னாடி அடுப்புல என்ன இருக்குன்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கறது. ஒன்பது மாசமா திருடன் மாதிரி என் வீட்டு ஜன்னலையே எட்டிப் பாக்கறேன். ராத்திரி மார்லிஸ் பக்கத்துல வந்து படுத்தா, வேற யாரோ படுத்த மாதிரி இருக்கு. அவ தலைமுடி, அந்த சோப்பு, ஒண்ணுமே வரல. இருட்டுல கையைப் புடிச்சுப் பாத்துத்தான் அவதான்னு மனசு ஆறுது. அதை யாருகிட்டப் போய்ச் சொல்ல?

— என்கிட்டச் சொல்லிருக்கலாம்.

— நீ அவ அண்ணன்.

— உனக்கும்தான் மச்சான். வேலைல ஏதாவது ஆச்சா?

— ஒண்ணும் ஆகல.

— மாப்ள.

— செவ்வாக்கெழமை. ஒரு வயசான அம்மா, தனியா இருக்கறவங்க. டேங்க் காலியாகி நின்னுருச்சு. நான் போய் நிரப்பித் தொறந்து விட்டேன். நிலவறைக்குக் கூட்டிட்டுப் போய், ‘தம்பி, முட்டை அழுகின மாதிரி நாறுதே’ன்னாங்க. நான் நல்லா மூக்கை உறிஞ்சிட்டு, ‘ஒண்ணும் இல்லம்மா, புதுசா நிரப்பினா கொஞ்ச நேரம் அப்படித்தான்’னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டு?

— லாரில ஏறி உக்காந்தேன். சாவியைத் திருப்ப மனசு வரல. திரும்ப எறங்கிப் போய் டேங்க்கை மூடிட்டு, உள்ள ஓடி சோப்புத் தண்ணி அடிச்சேன். குழாய் மூட்டுல எலுமிச்சம்பழம் சைசுக்கு நுரை கட்டுது. அந்தம்மா படில நின்னுட்டு, ஹீட்டரைப் பத்த வைக்கட்டுமா தம்பின்னு கேக்கறாங்க.

— கடவுளே.

— ஜன்னலெல்லாம் தொறந்து விட்டு, அவங்களை என் லாரில உக்கார வச்சேன். டீ குடுக்கட்டுமான்னு என்னை உபசரிக்கறாங்க. சோப்புத் தண்ணில நனைஞ்ச என் கையைப் பாத்துட்டு, குளிருமேன்னு கையுறை வேற எடுத்துக் குடுத்தாங்க. அன்னிலருந்து போற வீட்டுல எல்லாம் ஒவ்வொரு மூட்டுக்கும் சோப்பு போடறேன். அது போதாதா?

— நீ அன்னிக்கு லாரில இருந்து எறங்காம இருந்திருந்தா?

— தெரியும். தூங்க முடியல மச்சான்.

— இது கொட்டாய் சமாச்சாரம் இல்ல. இங்க விறகை எரிச்சா நாம ரெண்டு பேரும் பொழைச்சுக்குவோம். திங்கக்கெழமை நீ எறங்கப் போற நிலவறைக்கு நான் எங்கருந்து அடுப்பு தூக்கிட்டு வர்றது?

— பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்கு. அம்பத்தாறு வயசுல நான் வேற என்ன வேலை கத்துக்குவேன்?

— தெரியாது. நெஜமாவே எனக்குத் தெரியாது. ஆனா உன் பையில துருத்திட்டு நிக்கற பொம்பளைங்க கையுறை அந்தம்மா குடுத்ததுதான? திருப்பிக் குடுக்கக்கூட உனக்குத் தைரியம் வரல.

— சரி. திங்கக்கெழமை ஆபீஸ்ல சொல்லிர்றேன். யார்டுல சிலிண்டருக்கு பெயின்ட் அடிக்கச் சொன்னா அடிச்சுட்டுப் போறேன். நல்லதாப் போச்சு, பெயின்ட் நாத்தம் தெரியாது.

— இப்பதான் என் மாப்ள பேசறான்.

— எடு ரம்பத்தை, போடு உன் ஓட்டையை. கோட்டுக்கு வெளிய போகாத. ஆனா ஒண்ணு. மார்லிஸ்க்கு மட்டும் இப்ப தெரிய வேணாம். தெனம் தெனம் அவ மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லிருக்கேன், அவ சமையலைப் பத்தி, அவளைப் பத்தி. கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். சத்தியம் பண்ணு மச்சான்.

— எப்படிப் பண்ணுவேன் மாப்ள? புது பிளாஸ்க் வாங்கி, வெந்நீர் ஊத்தி, என் கையில குடுத்து அனுப்பினதே அவதான்.