மூன்று முறை தவறினால்

மழை பெய்தால் எனக்குச் சூடாக வடை வேண்டும். அன்றைக்கும் பண்டாரவளை வீட்டில் வடையோடுதான் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மண்சரிவு வருமுன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களை எச்சரிக்க அங்கே ஒரு சைரன் உண்டு. அதை இயக்கும் லினக்ஸ் சர்வர் என் பொறுப்பு. முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தெல்லாமோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு அதற்குள் நுழையப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவன் நுழைந்தே விட்டான். சைரன் சும்மா அலற, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் கோயிலுக்கு ஓடினார்கள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, சைரனுக்குப் பொறுப்பான விஜேந்திரன், "கம்ப்யூட்டர் படிச்ச சாருக்குக் கதவப் பூட்டத் தெரியலயே" என்றார். கொழுந்தெடுக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. பூட்டினேன். மூன்று முறை தவறினால் அந்த இணைப்பை சர்வர் அடியோடு தடுத்துவிடும். பிறகு நான் மனம் வைத்தால்தான் திறக்கும்.

நான் வடையோடு உட்கார்ந்திருந்த அன்று பின்னேரம் விஜேந்திரன் எனக்குப் போன் எடுத்தார். "சார், மேட்டுல மண்ணு வெடிச்சிருக்கு. பாஸ்வேர்ட் அடிச்சா எழுத்தே விழ மாட்டேங்குது."

லினக்ஸில் அடிக்கும்போது கடவுச்சொல் திரையில் தெரியாது. அது தெரியாமல் அவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். மூன்றும் தவறு. அவருடைய இணைப்பு தடுக்கப்பட்ட செய்தி முன்பே என் போனுக்கு வந்திருந்தது.

ஒரு வரிக் கட்டளையில் திறந்திருக்கலாம். நானே சைரனை ஒலிக்கவிட்டிருக்கவும் முடியும். நீங்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

"மறுபடி போட்டுப் பாருங்க," என்றேன்.

"ஓடிப்போயி கத்திச் சொல்லட்டுங்களா சார்?"

"சைரன் இல்லாம சொன்னா யாரு நம்புவா? பொறுமையா போடுங்க."

"சரிங்க சார்."

அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் வீடிருந்த கீழ் லயம் இப்போது இல்லை. அவரும் அவர் மனைவி மாரியாயியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர் பாஸ்வேர்ட் அடித்த மடிக்கணினியும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனாலும் மழை பெய்தால் அவருடைய இணைப்பிலிருந்து இன்னும் யாரோ சர்வரைத் தட்டுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. வடை இறங்குவதில்லை. இருந்தும் நான் திறக்கவில்லை.

அந்தப் பூட்டுக்குப் பிறகு என் சர்வருக்குள் ஒரு திருடன்கூட நுழைந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.