பத்து நிமிஷம் தறிய நிறுத்துங்கண்ணா

இல்லங்கண்ணா, பாவு நூலு ஒண்ணும் அறுந்துடாது. பத்தே நிமிஷம், டீ குடிக்கப் போன மாதிரி. வேடியப்பண்ணா, நீங்க ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. இது எட்டாவதா இருக்கட்டும்.

ஆமா, எங்க மாடில கீற கம்பிக்குத்தான். காக்கா வெரட்டவா? அய்ய, பக்கத்து வூட்ல இருந்துகினு, ரெண்டு மாசமா நிக்கற கம்பியப் பாத்து கேக்கற கேள்வியா இது? அது வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய புடிக்கற ஆன்டெனா. காலேஜாண்ட செல்போன் டவர் எரைச்சல் ஜாஸ்தி, உங்க ஊர்ல அமைதியா இருக்கும்னு சார் குடுத்தனுப்பினாரு.

எதுக்கா? அண்டம் பொறந்த புதுசுல நட்சத்திரமே கெடையாதுங்க. கும்மிருட்டு. எங்க பாத்தாலும் ஜில்லுன்னு ஹைட்ரஜன் வாயு. அப்புறம் அங்கங்க மொத வெளிச்சம் வந்திச்சி. சுத்தி கீற வாயுவ சூடாக்கிச்சி, கடைசில அணுவுல இருந்து எலக்ட்ரானையே பிச்சி எடுத்துடிச்சி. துணில பத்து எடத்துல எண்ண சொட்டினா, பரவி ஒண்ணா சேந்துடும் பாருங்க, அந்த மாதிரி. மொறைக்காதீங்க, பட்டுல இல்ல, உங்க பழைய லுங்கில.

அப்டி சூடாவறதுக்கு முன்ன அந்த வாயு, ரேடியோ அலைய வரைஞ்சா வர்ற கோட்டுல ஒரு சின்ன பள்ளம் விட்டிருக்கணும். உலகமே அத்த தேடிகினு கீது. எனக்குக் கெடச்சிது. நெஜமா. தெனமும் அதே எடத்துல. சார் குதிக்காத கொறதான்.

ரெண்டு நாள் மட்டும் வரல. மிஷின் கோளாறுன்னு அந்த ரெண்ட ஓரமா ஒதுக்கிட்டேன். என் தப்புதான். நேத்து அண்ணி வந்து, வெள்ளிக்கெழம அமாவாச, தறி கெடையாது, கோயிலுக்கு வரியான்னு கேட்டாங்க. ஓடிப்போயி தேதியப் பாத்தேன். ரெண்டும் அமாவாச.

அமாவாசைக்கு நீங்க லீவு வுடுவீங்க. வானம் எதுக்குண்ணா வுடப்போவுது?

உங்கள சொல்லலிங்க. தறிமேல புதுசா மாட்டினீங்களே, டிசைன் போடற கம்ப்யூட்டர் பெட்டி, அதுவும் ரேடியோ அலை கக்கும், அதுமேலதான் சந்தேகம். அமத்துங்க. இருங்க, லேப்டாப்பப் பாக்கறேன்.

பள்ளம் போச்சி.

இப்பப் போடுங்க. ம்... வந்துடிச்சி. இன்னொரு வாட்டி அமத்துங்க.

சரி, ஓட்டுங்கண்ணா. இல்ல, அவ்ளோ பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு பெங்களூர்ல நூறு விஞ்ஞானிங்க முன்னாடி, இத்த நான் கண்டுபுடிச்சேன்னு பேசணும். அப்பா வேற களம்பூர் மில்லுல எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டாரு.

போவாம எப்டி? போறேன். பள்ளம் நெஜந்தான், ஆனா வானத்துல இருந்து வரல, ஆரணி வேடியப்பன் தறில இருந்து வந்திச்சின்னு சொல்லிட்டு வரேன். பேரப் போட்டா கோச்சிக்க மாட்டீங்களே?

அப்ப இனிஷியல் சொல்லுங்க.