லியோகாடியோவுக்குப் போகாத பதில்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் வட்டாரக் குழுத் தலைவி மாக்சிமினா அவர்களே! உப்பு அரித்த கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் உப்பளத்து மூத்தவர்களே! வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த மீனவத் தோழர்களே! எமெலினாவோடு ஒரே கொட்டகையில் நின்று உப்பு மூட்டை தைத்த தாய்மார்களே! கைமனேராவின் பெருமக்களே! உங்கள் அனைவரின் முன்னும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

எமெலினா மறைந்து இன்றோடு ஒரு மாதம். அவளுக்கு நினைவுரை ஆற்ற என்னை அழைத்தீர்கள். ஏன் என்னை? நாவன்மை உள்ளவன் என்பதால். எத்தனை முறை இந்த மேடையில் முழங்கியிருக்கிறேன்! ஸ்பெயினை எதிர்த்து முப்பது ஆண்டுகள் போரிட்டோம். சிந்திய செந்நீர் காய்வதற்குள் வடக்கே இருந்து வந்த அமெரிக்கர்கள் வெற்றி விழாவைத் தங்கள் பெயரில் நடத்திக்கொண்டார்கள். நம் சட்டத்திலேயே நம் வீட்டுக்குள் நுழையும் உரிமையை எழுதி வாங்கினார்கள். முடிவே இல்லாத குத்தகை என்று நம் விரிகுடாவின் வாயை வளைத்துக் கடற்படைத் தளம் கட்டிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் யாரைக் கேட்டார்கள்? கைமனேராவைக் கேட்டார்களா? கடலைக் கேட்டார்களா?

பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். "ஃபிதென்சியோ ஆரம்பிச்சிட்டாரு, இனி சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவாரு" என்கிறீர்கள். இல்லை தோழரே. இன்று அந்தப் பேச்சு இல்லை. இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

என் அண்ணன் லியோகாடியோவை மூத்தவர்கள் அறிவீர்கள். எமெலினாவின் கணவர். தளத்தில் குழாய் பழுது பார்த்தவர். காலையில் படகேறி அமெரிக்கர்களின் கடற்படைத் தளத்துக்குப் போவார், மாலையில் திரும்புவார். அன்று இந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் உலை வைத்தன. நம் புரட்சி வென்று அமெரிக்கா எதிரியான பின் நான் துப்பாக்கி தூக்கினேன், மக்கள் படையில் சேர்ந்தேன், படகுத்துறையில் காவல் நின்றேன். ஒரே மேசையில் உண்டோம். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு சண்டை. எதிரியிடம் வேலை செய்கிறாயே என்று நான் குத்திக் காட்டினால், அவர் கறுப்பு மொச்சையைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "குழாய்க்கு ஏதுடா கொடி? ஒழுகினா அடைக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, பிப்ரவரி. இரண்டு அரசுகளுக்கும் முட்டிக்கொண்டது. இங்கிருந்து போன தண்ணீரை நாம் நிறுத்தினோம். அங்கே வேலை பார்த்த நம்மவர்களில் பலரை அவர்கள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிலருக்கு மட்டும் இன்னொரு வழி சொன்னார்கள். உள்ளேயே தங்கிவிடலாம், தங்கினால் ஊர் திரும்ப முடியாது. வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. ஞாயிறு வரை உள்ளேயே இருந்து யோசித்துச் சொல் என்று என் அண்ணனுக்குத் தவணை.

அவர் ஏன் உடனே ஓடி வரவில்லை என்று கேட்பீர்கள். தளத்திலிருந்து வருகிறவர்களை உளவாளி என்று பிடிக்கிறார்கள் என ஒரு வதந்தி அங்கே பரவியிருந்தது. அதனால் இன்னும் வேலைக்குப் போய்வந்த ரூஃபினோவிடம் சொல்லி அனுப்பினார். ஊர் கண்ணில் பட்டால் தனக்கும் உளவாளிப் பட்டம் வரும் என்று ரூஃபினோவுக்கு எமெலினாவின் வீட்டுக்குப் போகப் பயம். படகுத்துறையில் நின்ற என்னிடம் சொன்னான். "உங்க அண்ணன் கேக்கச் சொன்னாரு. எமெலினா வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவாராம். பதில் வரலேன்னா, அவ வேண்டாம்னு சொல்றதா நெனச்சுக்குவாராம்."

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

ஆம், தாய்மார்களே, சொல்லவில்லை! மறந்தேனா? மறக்கவில்லை. மிரட்டினார்களா? மிரட்டவில்லை. சொந்த வீட்டுக்கு வரவும் ஒருவனுக்கு அழைப்பு வேண்டுமா, மானம் இருந்தால் தானே வரட்டும் என்று இருபத்து மூன்று வயதுத் திமிர் சொன்னது. வந்துவிடுவார் என்றும் நம்பினேன். அந்த ஞாயிறும், சேதி எதுவும் தெரியாத எமெலினா, வீடு திரும்பாத கணவரை எதிர்பார்த்து மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு துறையில் நின்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான். "வெயில்ல நிக்காதீங்க அண்ணி, அவர் வர்றப்ப வருவாரு" என்றேன்.

அவர் வரவில்லை. மறுவாரம் ரூஃபினோவின் அனுமதிச் சீட்டையும் பறித்தார்கள். பிறகு வேலி வந்தது, வேலிக்கு முன்னும் பின்னும் கண்ணிவெடி வந்தது.

சுகவாழ்வு தேடிப் போனவனின் மனைவி என்று ஊர் பேசியதை அவள் கேட்டுக்கொண்டு மூட்டை தைத்தாள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, எங்கெங்கோ சுற்றி, அண்ணனின் கடிதம் ஒன்று வந்தது. ரூஃபினோவிடம் சொல்லி அனுப்பிவிட்டு உன் பதிலுக்காக ஞாயிறு முழுவதும் கதவருகே நின்றேன், நீ வேண்டாம் என்றதில் எனக்குக் கோபமில்லை என்று எழுதியிருந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே நான் அப்போது வேலை பார்த்த உப்பளத்துக்கு வந்தாள்.

"ரூஃபினோ யார்கிட்ட சொன்னான்?"

"என்கிட்டதான் அண்ணி."

கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு சொன்னாள்: "பதினஞ்சு வருஷமா தெனமும் அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன் தம்பி. அத இப்ப யாரு திருப்பி எடுப்பா?"

தோழர்களே, நான் போய்த் தாளும் உறையும் வாங்கி வந்தேன்.

அவள் உடனே பதில் எழுதினாள். அது போய்ச் சேரும் முன் அண்ணன் இறந்தார். தளத்துக்குள் இருக்கும் கல்லறையில் புதைத்ததாக வேறொருவர் கையெழுத்தில் தகவல் வந்தது. அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் இருக்கறவரைக்கும் வெளிய சொல்லாத. எம்பொண்ணுக்கு அப்பாதான் இல்ல, சித்தப்பாவாவது இருக்கட்டும்."

அந்த மகள் இதோ இந்த அவையின் தலைவி.

என்ன கேட்கிறீர்கள், தலைவர் அவர்களே? சத்தமாகக் கேளுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "அன்னிக்கு என்னைத் தூக்கிட்டு அம்மா எவ்வளவு நேரம் நின்னாங்க?" காலையிலிருந்து, மகளே. நான் அனுப்பும் வரை. அனுப்பிய பிறகும் இரண்டு முறை திரும்பி வந்தாள்.

வலியவன் வாசலில் வந்து நின்றது உண்மை. நம் விரிகுடாவை வளைத்தது உண்மை. அதை இனியும் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! ஆனால் ஒரு வார்த்தையைப் பத்துத் தெரு தாண்டிக் கொண்டுபோக எந்த வேலியும் அன்று என்னைத் தடுக்கவில்லை. அந்தத் தெருக்கள் நம்முடையவை. அந்தக் கால்கள் என்னுடையவை.

மன்னிப்புக் கேட்க வரவில்லை. கேட்க வேண்டிய இருவரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். எமெலினாவைப் பழித்தவர்கள் இருந்தால், பழியை என் பக்கம் திருப்புங்கள். மாக்சிமினா, இனி என்னைச் சித்தப்பா என்று கூப்பிட உனக்கு மனம் வராது என்றால், பெயர் சொல்லியே கூப்பிடு. கூப்பிட்டால் வருவேன்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. எமெலினாவுக்கும் லியோகாடியோவுக்கும் என் வணக்கம்.