ஷிப்மென்ட் நேரத்தில் ஒரு லீவு

விழாவுக்குத் தலைமையேற்று, மேடைக்கே மிடுக்கைத் தந்து வீற்றிருக்கும் பெரியவர், நம் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் லிங்கசாமி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் எங்கள் மகளிர் மன்றத் தலைவி சுப்பாத்தாள் அம்மா அவர்களே, வரவேற்புரையை நீட்டி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட செயலாளர் மருதாசலம் அண்ணன் அவர்களே, வாரமெல்லாம் பஞ்சுத் தூசியோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைத்த ஒற்றை ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்குக் கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே, தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்து இந்த ஊரையே பிழைக்க வைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் நின்றபடி சுண்டல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் யாழினி. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவள். அதனால்தானோ என்னவோ, 'கணினி தந்த வரம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வரம்தான், மறுக்கவில்லை. வங்காளத்துத் தம்பி ஒருவன் என் கடையில் உட்கார்ந்து தன் தங்கையின் முகத்தைத் திரையில் பார்த்துக் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று வரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. சுப்பாத்தாள் அம்மா மன்னிக்க வேண்டும். இன்று இரவு ஒரு குடும்பம் இந்த ஊரை விட்டுப் போகத் தயாராக நிற்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கொங்கு மண்ணின் மரியாதை உங்களுக்குத் தெரியும். வாங்க, போங்க, சொல்லுங்க, சாப்பிடுங்க. நாம் சண்டை போடும்போதுகூட, 'இன்னொரு வார்த்தை பேசுனா அடிச்சுப்போடுவனுங்க' என்றுதான் சொல்வோம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த மரியாதை எதுவரைக்கும்? முகம் தெரிகிற வரைக்கும். என் கடைக்கு வரும்போது 'அக்கா, சிஸ்டம் காலியா இருக்குங்களா' என்று பணிவோடு கேட்கிற பிள்ளைதான், தடுப்புக்குள் போய் உட்கார்ந்து பொய்ப்பெயர் ஒன்றைப் போட்டுக்கொண்டதும், யாரென்றே தெரியாத பெண்ணை நாக்கூசும் சொல்லால் ஏசுகிறான். முகத்தை மறைத்தவுடன் மனிதன் இத்தனை மலிவாகிவிடுவானா? பெயரை மறைத்தவுடன் பிறந்த பண்பும் மறைந்துபோகுமா? எனக்கு விளங்கவில்லை.

நதியாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஐயாவின் கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்தவள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் கைக்குத் தப்பி ஒரு ஓட்டை பனியன் பெட்டிக்குள் போனதில்லை. இந்த ஆண்டு அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆயுத பூஜையன்று மானேஜருக்கு அவள் பொரித்தட்டு நீட்டியதை யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இணையத்தில் நம் ஊர் இளைஞர்கள் அரட்டை அடிக்கும் பக்கத்தில் ஏறியது. அவளைச் சுற்றி நின்ற பத்துப் பேரை வெட்டி எறிந்துவிட்டு, அவளையும் மானேஜரையும் மட்டும் வைத்து, 'இவள் எப்படி சூப்பர்வைசர் ஆனாள் தெரியுமா' என்று ஒருவன் எழுதினான். கீழே இன்னும் பலர் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று தாய்மார்கள் முன்னால் சொல்ல மாட்டேன்.

என்ன தம்பி? யார் அவன், பேரைச் சொல்லுங்கள் என்கிறாயா? தெரியாது. தெரிந்தால் இந்த மைக்கிலேயே சொல்லியிருப்பேன். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அது அதன் வேகத்தில் நடக்கும். நான் கேட்பது வேறு. ஒரு பனியனில் தையல் விட்டுப்போனால் நாம் என்ன செய்கிறோம்? பண்டல் சீட்டைப் பார்க்கிறோம். எந்த டெய்லர், எந்த மெஷின் என்று அந்த நிமிடமே சொல்லிவிடுகிறோம். பெயர் கொடுக்காமல் இந்த ஊரில் ஒரு பட்டன்கூடக் கட்ட முடியாது. பட்டன் கட்டுகிறவளுக்கு இருக்கிற பொறுப்பு, ஒரு பெண்ணின் மானத்தைக் கிழிக்கிறவனுக்கு வேண்டாமா? பனியனுக்கு இருக்கிற காவல் ஒரு பெண்ணுக்கு இல்லையா?

அவன் எழுதியது ஒரு முறை. ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? நாம்தான். டீ டைமில் பேக்கரி வாசலில் புளூடூத்தை ஆன் செய்து, 'மாப்ளே, இதைப் பாரு' என்று ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பியது யார்? இணையத்தின் வாசலையே மிதிக்காத என் அத்தையின் போனுக்குக்கூட அந்தப் படம் வந்தது. அந்தக் கயவனுக்குக் கால் இல்லை தாய்மார்களே. நம் கால்களை வாங்கிக்கொண்டுதான் அவன் வேலம்பாளையம் முழுக்க நடந்தான்.

கரண்ட் போய்விட்டதா? பரவாயில்லை, அந்தி வெளிச்சம் இருக்கிறது, ஜெனரேட்டர் வரும்வரை சத்தமாகவே பேசுகிறேன். இனிச் சொல்லப்போவதற்கு விளக்கும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்.

தலைவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மேடைக்கு வருமுன்பே, 'நான் பண்ணுனதையும் சேர்த்துச் சொல்லிப்போடு அம்மிணி' என்று அவர்களே எனக்கு அனுமதி கொடுத்தார்கள். அதனால் சொல்கிறேன். நதியா அழுதுகொண்டே ஐயாவின் அறைக்குப் போனாள். ஐயாவுக்கும் மனம் பொறுக்கவில்லை. 'கண்ணு, நீ கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு சாமி. பேச்சு அடங்குனதும் வரலாம். நீ தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்' என்று சொல்லி, லீவு கொடுத்து அனுப்பினார்கள். பெற்ற தகப்பன் பேசுகிற பேச்சு அது. அதில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் அது எந்த நேரம்? ஷிப்மென்ட் நேரம். தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய வாரம். அந்த வாரத்தில் நம் ஊரில் லீவு என்ற சொல்லை யாராவது கேட்டிருக்கிறீர்களா? காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்காரச் சொல்வார்கள். வளைகாப்பா, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளு என்பார்கள். அந்த வாரத்தில் ஒருவர் கேட்டைத் தாண்டி வெளியே போனால் இரண்டே காரணம்தான். வீட்டில் எழவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆளை வேலையை விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நதியா வீட்டில் எழவு விழவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம் என்று கம்பெனி முழுக்க அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டது. 'மொதலாளியே அனுப்பிச்சுட்டாருங்க, அப்ப நெசந்தானுங்க போல' என்று, அதுவரை அவளுக்காகப் பேசியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா விபரீதத்தை? முகமில்லாத ஒருவன் எழுதிய பொய்க்கு, முகமுள்ள ஒரு நல்லவர் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவதூறு சொன்னவன் அரட்டைப் பக்கத்தில் ஒளிந்திருந்தான். அதற்கு ஆளான பெண்ணை நாம் வீட்டில் ஒளித்துவைத்தோம். ஒளிய வேண்டியவன் ஊருக்குள் உலவுகிறான், உலவ வேண்டியவள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறாள். இது என்ன நியாயம்? பாதிக்கப்பட்ட பெண்ணைப் பார்த்து 'நீ கொஞ்சம் ஒதுங்கி இரும்மா' என்று அன்பாகச் சொல்கிற இந்தப் பழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்?

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காம்பவுண்டு வீடு, ஒற்றை அறை. அவள் அம்மா ராக்கம்மாள் அக்கா பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தார். 'எங்கக்கா போறீங்க' என்றேன். 'நாளைக்கு ராத்திரி வண்டி பேசி ஊருக்குப் போறோம்த்தா. பொட்டப்புள்ளைக்குப் பேரு கெட்டுப்போச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவ கம்பெனி வாசலை மிதிப்பா' என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவனுக்கு மூஞ்சியே இல்லை, அவன் நிம்மதியாக டீ குடிக்கிறான். நீங்கள் ஏன் மூஞ்சியை மறைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கோணிப்பையின் வாயை இறுக்கிக் கட்டினார். மூலையில் இருந்த நதியாவிடம், இதை மேடையில் பேசப்போகிறேன், உன் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். 'எம்பேரைத்தான் ஊரே நாறடிச்சிருச்சேக்கா. நீங்களாவது நல்லவிதமா ஒருக்காச் சொல்லுங்க' என்றாள். அதனால்தான் சொன்னேன். இன்னொரு முறையும் சொல்கிறேன். நதியா. லைன் சூப்பர்வைசர் நதியா.

அவளும் அவள் அம்மாவும் அதோ, வேப்ப மரத்துப் பக்கம் நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்கலாம், ஆனால் கண்ணைத் தாழ்த்தாமல் பாருங்கள்.

முகம் காட்டாத தம்பியே, நீயும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நீ எழுதியதை அழிக்க என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்துக்குப் புகார் மேல் புகார் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் நீ நினைத்தது நடக்காமல் தடுக்க எங்களால் முடியும். அந்தப் படம் எங்கள் போனுக்கு வந்தால் அங்கேயே அழிப்போம். அடுத்தவருக்கு அனுப்புகிறவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக் கேட்போம். எவள் மேல் நீ சேற்றை வீசினாயோ, அவளைத் தனியே விட மாட்டோம்.

தாய்மார்களே, எனக்குக் கைதட்டல் வேண்டாம். கைதட்டிவிட்டுக் கலைந்துபோன கூட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். நாளை திங்கட்கிழமை. எட்டரை மணிக்குக் கம்பெனி கேட் திறக்கும். நதியாவோடு சேர்ந்து அந்த கேட்டுக்குள் நடந்து போக யார் தயார்? தயாராக இருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

நான் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

பழனியம்மாள் அக்கா, நீங்களா? படம் பரவியதும், செக்கிங் டேபிளுக்கு அவள் வந்தபோது ஸ்டூலைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தது நீங்கள்தானே? முதல் ஆளாக எழுந்தீர்களே, உங்களை வணங்குகிறேன். அந்த மூலையிலும் எழுகிறார்கள். அயர்னிங் செக்சன் முழுவதும் நிற்கிறது. பின்வரிசைத் தம்பிகள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. சரி, கையைத் தூக்குங்கள். சேர்த்துக்கொண்டோம்.

தலைவர் ஐயாவும் எழுந்துவிட்டார்கள். என்னங்க ஐயா? மைக் இல்லாததால் பின்னால் இருப்பவர்களுக்கு நானே சொல்கிறேன். 'நானே வந்து கேட்டுல நிக்கறேன் அம்மிணி. எல்லாரும் பாக்கற மாதிரி நானே புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்கிறார்கள்.

ராக்கம்மாள் அக்கா, ஊரே எழுந்து நிற்கிறது. என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? 'அப்ப வண்டிக்காரர்ட்ட வரலன்னு சொல்லிப்புடுறேன்' என்கிறார்.

இதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை. எழுந்து நின்ற ஒவ்வொருவருக்கும், எழ நினைத்துத் தயங்கியவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. நாளைக் காலை எட்டு மணிக்கு, நதியா வீட்டு வாசலில் சந்திப்போம். வணக்கம்.