பந்தி விசாரிக்க ஏழு பேர்

சம்பா அறுவடை முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஐம்பதைத் தாண்டியவர் சொன்னார்:

"எங்க சர்ச்சுல இப்ப எல்லாரும் தலைவருங்கடி. கரண்டி பிடிக்கத்தான் ஆள் இல்லை."

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பக்கத்திலிருந்த இளையவள்.

"போதகர் தலைமைப் பயிற்சிக்குப் போயிட்டு வந்தாரு. பைபிள்ல, ஆதிச் சபையில விதவைங்களுக்குப் பந்தியில சரியா போடலைன்னு முணுமுணுப்பு வந்துச்சாம். இயேசுவோட அப்போஸ்தலருங்க ஏழு பேரைப் பந்திக்குப் பொறுப்பா போட்டாங்களாம். நல்ல தலைவன்னா வேலையைப் பிரிச்சுக் கொடுக்கணுமாம். அறுவடைப் பண்டிகை விருந்துக்கு இவரும் ஏழு பேரைப் போட்டாரு."

"நல்லதுதானே?"

"அந்த ஏழு பேரும் நல்ல தலைவருங்களாச்சே! ஆளாளுக்கு வேற ஆளுங்ககிட்ட பிரிச்சுக் கொடுத்துட்டு, பந்தியில போய் உட்கார்ந்துட்டாங்க. அவங்க சொன்ன ஆளுங்களும் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க."

"அப்ப யாருக்கா பரிமாறுனது?"

"நானு, ரூத் அக்கா, கிரேஸ் சித்தி. மூணு பேரும் விதவைங்க. கடைசியில எங்களுக்குக் கறி இல்லை, வெறும் குஸ்கா."

"அடப்பாவமே! போதகர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னோம். நேத்து வீடு தேடி வந்து வருத்தப்பட்டாரு. ஈஸ்டர் விருந்துக்கு நீங்க மூணு பேரும்தான் பொறுப்புன்னாரு."

"ஐயோ, மறுபடியும் உங்க தலையிலயா?"

"சந்தோஷமா ஒத்துக்கிட்டோம். அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. முதல் பந்தியில நாங்க உட்காருறோம்."